தினமும் ரொட்டி வாங்கும் வீடு

போன மாதம் ஒரு பிஸ்கட் கம்பெனியிலிருந்து ஒரு பெண் அச்சடித்த தாளோடு என் வீட்டுக்கு வந்தாள். "ஐயா, உங்க வீட்ல ரொட்டி, பிஸ்கட் வாங்குறது யாரு? அவங்களுக்கு என்ன வயசு?" என்று கேட்டாள். தாளில் வயதுக்கு ஒரு கட்டம், சம்பளத்துக்கு ஒரு கட்டம், வீட்டில் எத்தனை தலை என்பதற்கு ஒரு கட்டம். நான் முப்பத்தைந்து வருஷம் ரொட்டி விற்றவன் என்று சொன்னதும் தாளை மடித்து வைத்துவிட்டு, "அப்போ நீங்களே சொல்லுங்க சார், ஜனங்களோட பழக்கம் எப்படித்தான் மாறுது?" என்றாள். கேட்பதற்குச் சுலபமான கேள்வி. நான் பதில் சொல்லி முடிக்க ஒரு மத்தியானம் ஆயிற்று. அவளுடைய கட்டங்களில் ஒன்றுகூட அதனால் நிரம்பவில்லை, பாவம். அவளிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

என் பெயர் மாசிலாமணி, தண்டையார்பேட்டைக்காரன். யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயத்தில் ராயபுரத்தில் ஒரு ரொட்டிக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தேன். மூன்று வருஷம் மாவு பிசைந்தேன், அடுப்புக்கு விறகு தள்ளினேன், முழங்கையில் இரண்டு இடத்தில் சுட்டுக்கொண்டேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை. இவன் கை மாவுக்கு லாயக்கில்லை, வாய்தான் நீளம் என்று கண்டுபிடித்து முதலாளி என்னை லைனுக்கு அனுப்பினார். லைன் என்றால் சைக்கிளின் பின்னால் தகரப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீடு வீடாக ரொட்டி போடுவது. அந்த நீள வாய் என்ன செய்தது என்பதுதான் நான் சொல்லப்போகும் விஷயம்.

முதலாளியை நாங்கள் ராவுத்தர் என்போம். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து சின்ன வயதிலேயே பட்டணம் வந்தவர். பேச்சில் மட்டும் ஊர் போகவில்லை. யாரையும் 'நீ' என்று சொல்லமாட்டார். மாவு மூட்டை இறக்குகிறவரும் 'நீங்க', கார்ப்பரேஷன் இன்ஸ்பெக்டரும் 'நீங்க'. கோபம் வந்தால் குரல் தணியும். ரொட்டியில் குறை என்று யாராவது திருப்பிக் கொடுத்துவிட்டால், அன்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அந்த ரொட்டியை எல்லோருக்கும் நடுவில் வைத்து அறுப்பார். முதல் துண்டு அவருக்கு. மிச்சம் எங்களுக்கு. எல்லோரும் மென்று விழுங்கும் வரை காத்திருந்து, "உப்புக் கூடிப்போச்சு. இன்னைக்கு உப்புப் போட்டது யாரு?" என்பார். போட்டவன் கையைத் தூக்குவான். அத்துடன் சரி, ஒரு வார்த்தை திட்டு கிடையாது. ஆனால் அந்தக் கையைத் தூக்குவதற்குப் பதில் நாலு அறை வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்கும்.

பெட்டியில் ரொட்டி அடுக்குவதற்கும் அவரிடம் முறை உண்டு. சுடச்சுட அடுக்கக் கூடாது, இரண்டு மணி நேரமாவது ஆறவேண்டும். இல்லையென்றால் மூடிய பெட்டிக்குள் ரொட்டி வேர்த்து, மறுநாளே பூஞ்சை பிடிக்கும். அடியில் வெள்ளைத் துணி விரித்து, ரொட்டியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து அடுக்கவேண்டும். எப்போதும் கடைசி வீட்டுக்குப் போகிறது அடியில், முதல் வீட்டுக்குப் போகிறது மேலே.

ராயபுரம் ரயில்வே குவார்ட்டர்ஸ்தான் எங்களுக்குச் சோறு போட்டது. எஞ்சின் டிரைவர், கார்டு, போர்மேன் என்று எல்லாம் ஆங்கிலோ இந்தியர்கள். ஒரு வீட்டுக்கு மூன்று ரொட்டி, நாலு ரொட்டி. அங்கே மணி அடித்துக்கொண்டு ராஜா மாதிரி போகலாம். தமிழ்த் தெருவுக்கு முறையே வேறு. மணி அடிக்கக் கூடாது. நடுத்தெருவில் பெட்டியைத் திறக்கக் கூடாது. ரொட்டியைப் பழைய பேப்பரில் சுற்றிப் பின்பக்கமாகக் கொடுக்கவேண்டும். ஏனென்றால் அந்தக் காலத்தில் எங்கள் ஜனங்களுக்கு ரொட்டி என்றால் காய்ச்சல்காரன் சாப்பாடு. டாக்டர் "பாலும் ரொட்டியும் கொடுங்க" என்று சொன்னால்தான் ரொட்டி வீட்டுக்குள் நுழையும். ஒரு வீட்டில் ரொட்டிக்காரன் நின்றால் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "யாருக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்டுவிடுவாள்.

இதைவிட முக்கியமான விதி ஒன்று இருந்தது. தமிழ் வீட்டுக்கு மூன்று நாள் போனால் நாலாம் நாள் போகக் கூடாது. உடம்பு குணமாகியிருந்தால் ரொட்டி வேண்டாம். குணமாகவில்லை என்றால் ரொட்டிக்காரன் முகத்தில் விழிக்க யாருக்கும் பிடிக்காது. வேண்டுமென்றால் அவர்களே கூப்பிடட்டும்.

சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருக்கும். ஒரு நாள் ராவுத்தர் என்னை நிறுத்தி, "மாசிலாமணி, லைனுக்குப் போறீகல்ல, கொடியில என்ன காயுதுன்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்றார். கொடியில் துணிதான் காயும், கருவாடா காயும் என்று மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டே போனேன். பார்க்கப் பார்க்கத்தான் விஷயம் புரிந்தது. ரயில்வே குவார்ட்டர்ஸ் கொடிகளில் கிழவருடைய பைஜாமாவும் கிழவியுடைய பூப்போட்ட கவுனும் காய்ந்தன. குழந்தைத் துணி ஒன்று கிடையாது. பிள்ளைகள் எல்லாம் சீமைக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள், இருந்தவர்கள் பெரியவர்கள். நாலு ரொட்டி வாங்கிய வீட்டில் அரை ரொட்டி அறுத்துக் கொடு என்றார்கள். காலடிப்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் வந்தால் கொடிக்குக் கொடி காக்கி நிஜார், காக்கிச் சட்டை, நடுவே ஆபீசுக்குக் கட்டிப்போகும் புடவை, மிச்ச இடமெல்லாம் குழந்தைத் துணி. ஃபாக்டரிகளுக்கு வந்த பையன்கள், அவர்களைக் கட்டிக்கொண்டு வந்த பெண்கள், ஒற்றை அறை வீடுகள். சம்பளம் அவர்கள் கையில். வீட்டில் மாமியார் கிடையாது, விடிகாலை ஷிப்டுக்குச் சமைக்க ஆள் கிடையாது.

நான் வந்து சொன்னதைக் கேட்டுக்கொண்டு, "இனிமே நம்ம ரொட்டி அந்தத் தெருவுக்குத்தான் போகணும்" என்றார் ராவுத்தர்.

"அங்கே ரொட்டின்னா காய்ச்சல், முதலாளி."

"தெரியும். அதனாலதான் உங்களை அனுப்புறேன்."

முதலில் ஃபாக்டரி வாசலில் பன் விற்க ஆரம்பித்தோம். அது பிய்த்துக்கொண்டு போயிற்று. டீயோடு தின்கிற பன்னை யாரும் ரொட்டி என்று நினைக்கவில்லை. காலை ஷிப்டு சங்கு ஊதுவதற்கு முன்னால் நூறு பேர் கை நீட்டுவார்கள். ஆனால் அதே ஆளிடம் "வூட்டுக்கு ஒரு ரொட்டி வாங்கிட்டுப் போ நைனா" என்றால், "எங்கம்மா செருப்பாலயே அடிக்கும்" என்று சிரித்துவிட்டுப் போவான்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் காலடிப்பேட்டையில் ஒரு பெண் என் சைக்கிளை மறித்தாள். கையில் டிபன் டப்பா, தோளில் பை. "நாளைலேர்ந்து எங்க வூட்டுக்கு ஒரு ரொட்டி போடுங்க" என்று வீட்டைக் காட்டினாள். பெயர் சரோஜா. துறைமுகத்துப் பக்கம் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். அம்மா இறந்து இரண்டு வருஷம். அப்பா ஜெகநாதன் கப்பல் சரக்கு எண்ணும் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். தம்பிகள் இரண்டு பேருக்கும் ஃபாக்டரியில் ஷிப்டு. இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், யாருக்கோ உடம்பு சரியில்லை. மூன்று நாள் போட்டேன். நாலாம் நாள் விதிப்படி போகவில்லை.

ஐந்தாம் நாள் தெருமுனையில் பிடித்துக்கொண்டாள். "நேத்து ஏன் வரல? நான் பட்டினியா ஆபீஸ் போனேன்."

"இல்லம்மா, உடம்பு சரியாப் பூடுச்சோன்னு..."

"யாருக்கு உடம்பு?"

அவளுக்குப் புரிந்துவிட்டது. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "எங்க வூட்ல எல்லாரும் கல்லு மாதிரி கீறோம். எங்களுக்குப் பசிக்குது, சமைக்க நேரம் இல்ல. அவ்ளோதான் நோவு. டெய்லி போடுங்க" என்றாள்.

காய்ச்சல் இல்லாமல் ரொட்டி தின்கிற முதல் தமிழ் வீடு! கிடங்குக்குப் போய் ராவுத்தரிடம் சொன்னபோது அவர் எழுந்து வந்து என் தோளைத் தட்டினார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. ஜெகநாதனுக்கு மட்டும் கொஞ்சம் கூச்சம். "பேப்பர்ல நல்லா சுத்திக் குடுப்பா. எதிர் வூட்டுக்காரன் கண்ணு சரியில்ல" என்பார். சரோஜாவைப் பார்த்து அதே தெருவில் இன்னும் ஐந்து வீடுகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. எல்லாம் சின்ன வயசுக் குடும்பங்கள். பத்து மாசம் நன்றாகப் போயிற்று.

ஒரு நாள் ஜெகநாதன் வீட்டில் ரொட்டி கொடுத்துவிட்டுத் திரும்புகிறேன். முனை டீக்கடையில் சலவை வேஷ்டி கட்டிய பெரியவர் ஒருவர் குடையோடு உட்கார்ந்திருந்தார். "வாப்பா, ஒரு டீ சாப்புடு" என்றார். மரியாதையான ஆள். டீ வந்தது. "அந்த ஜெகநாதன் வூட்டுக்கு ரொட்டி போவுதா?" என்று கேட்டார்.

கேட்டாரே ஒரு கேள்வி! எனக்குத் தலைகால் புரியவில்லை. இவரும் நம் லைனில் சேரப்போகிறார், ஆறு வீடு ஏழு வீடாகப்போகிறது என்று நினைத்துவிட்டேன். "போவுதாவா? பத்து மாசமா ஒரு நாள் தப்புனது இல்ல சார். மழை, புயல் எது வந்தாலும் அந்த வூட்டுக்கு ரொட்டி போய்த்தான் ஆவணும். அதுவும் அந்தப் பொண்ணுக்கு ரொட்டி இல்லேன்னா ஒரு நாள் ஓடாது. அதுக்காகத்தான் நான் இந்தத் தெருவுக்கே வரேன்" என்றேன்.

"அப்டியா?" என்றார் அவர். "பத்து மாசமாவா?" என்று இன்னொரு தடவை கேட்டார். டீக்குக் காசு கொடுத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார். அந்த டீயை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன் என்பதை இன்றைக்கும் நினைத்தால் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

நாலாம் நாள் காலை ஜெகநாதன் வாசலிலேயே நின்றார். முகம் கறுத்திருந்தது. "ரொட்டி வோணாம்பா. இனிமே வராத" என்றார். ஏன் என்று கேட்டேன். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு தணிந்த குரலில் சொன்னார். சரோஜாவுக்கு எர்ணாவூரில் மாப்பிள்ளை முடிவாகியிருந்தது. பையன் பெயர் தாமோதரன், திருவொற்றியூரில் ஃபாக்டரி வேலை. வெள்ளிக்கிழமை தட்டு மாற்றுவதாக இருந்தது. பையனுடைய தாய்மாமன் கன்னியப்பன், உப்பளத்தில் கங்காணியாக இருந்தவர், கடைசியாக ஒரு தடவை விசாரித்துப் பார்க்கலாம் என்று தெருவுக்கு வந்திருக்கிறார். போய்ச் சொல்லி அனுப்பிவிட்டார்: பெண்ணுக்கு நெஞ்சு வியாதி, பத்து மாசமாக ரொட்டியில்தான் உயிர் வாழ்கிறது, டீ.பி.யை மறைத்துக் கட்டிவைக்கப் பார்க்கிறீர்கள்.

"எவனோ ஒரு கபோதி சொல்லியிருக்கான்பா. ஒரு நாளு தப்பாம ரொட்டி போவுதுன்னு சொன்னானாம். எம் பொண்ணு தலையில மண்ணை அள்ளிப் போட்டுட்டான்" என்றார். அந்தக் கபோதி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு எதிரிலேயே நின்றான். வாயைத் திறக்கவில்லை. திறக்கக் கூடாத இடத்தில் திறந்தவன் திறக்கவேண்டிய இடத்தில் ஊமையாகிவிட்டேன்.

அந்த வாரத்துக்குள் மற்ற ஐந்து வீடுகளும் நின்றன. ஒரு வீட்டில், "அந்தப் பொண்ணு வூட்டுக்குப் போன கையால எங்களுக்குத் தராதீங்க" என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். அந்தக் காலத்தில் டீ.பி. என்றால் குடும்பத்தையே ஒதுக்கிவைப்பார்கள். சரோஜாவின் கம்பெனிக்கு அந்தப் பேச்சு எட்டினால் வேலையும் போகும்.

ராவுத்தரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், டீ குடித்ததையும் சேர்த்து. அவர் குரலைத் தணித்து, "அந்த வார்த்தைய நீங்கதானே போட்டீக. நீங்கதான் போய் எடுக்கணும். நானும் வர்றேன், ரொட்டி என்னுதுல்ல" என்றார்.

இரண்டு பேரும் எர்ணாவூர் போனோம். கன்னியப்பன் எங்களை உட்காரவைத்து மோர் கொடுத்தார். ராவுத்தர் நடந்ததை விளக்கினார். முப்பது வருஷமாகத் தினமும் ரொட்டி தின்கிற தன் உடம்பைப் பாருங்கள் என்று கையை நீட்டினார். கன்னியப்பன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாய், கோச்சுக்காதீங்க. உங்களுக்கு இது யாவாரம். ரொட்டி நல்லதுன்னுதான் சொல்வீங்க. நான் வூட்டுக்கு வரப்போற பொண்ணைப் பாக்குறேன்" என்றார். தப்பாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எழுந்து வெளியே வரும்போது உள்ளே இருந்து ஒரு வாலிபன் வந்தான். "இவன்தான் பையன்" என்றார் கன்னியப்பன். நான் அப்படியே நின்றுவிட்டேன். அட, நம்ம ஆள்! ஃபாக்டரி வாசலில் தினமும் முதல் வரிசையில் நின்று இரண்டு பன் வாங்குகிறவன். அவனும் என்னை அடையாளம் கண்டு தலையைக் குனிந்துகொண்டான்.

மறுநாள் காலை ஃபாக்டரி வாசலில் அவனைத் தனியாகக் கூப்பிட்டேன். "இன்னா தாமோதரா, டெய்லி ரெண்டு பன்னு துன்றியே, உனக்கு எத்தினி நாளா டீ.பி.?"

அவன் நெளிந்தான். "எனக்குத் தெரியும்ண்ணே, அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் இல்லன்னு. எனக்கும் அதைப் புடிச்சிருந்தது."

"அப்ப மாமாகிட்ட சொல்றதுதானே?"

"அவருதான் என்னை வளர்த்து ஆளாக்குனவரு. அவரு எதிர்ல நான் வாயைத் தொறந்ததே இல்லண்ணே."

"பன்னு துன்ன மட்டும் தொறக்குதே" என்றேன். சங்கு ஊதியது, அவன் ஓடிவிட்டான். எனக்கு அவன் மேல் வந்த கோபம் கொஞ்சமல்ல. சம்பளம் வாங்குகிறான், இஷ்டப்பட்ட சட்டை வாங்குகிறான், இஷ்டப்பட்டதைத் தின்கிறான். கல்யாணத்தில் மட்டும் மாமா வாய்தான் அவன் வாய். அன்றைக்கு அந்தப் பேட்டைப் பையன்கள் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான். வாங்குகிற கை மாறிப் பல நாள் கழித்துத்தான் வீட்டில் பேசுகிற வாய் மாறும். இந்தக் காலத்துத் தாளில் இதற்குக் கட்டம் இருக்கிறதா என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலம் ஆபீஸ் விடும் நேரத்தில் பஸ் நிற்கும் இடத்தில் சரோஜாவுக்காகக் காத்திருந்தேன். இறங்கியதும் சொல்லிவிட்டேன். "அந்தக் கபோதி நான்தாம்மா."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அவரு இன்னா கேட்டாரு, நீங்க இன்னா சொன்னீங்க, அப்டியே சொல்லுங்க" என்றாள். சொன்னேன். அந்தத் தெருவில் அத்தனை பேர் போகவர, நின்ற இடத்திலேயே கேட்டாள். "பெருமைக்குச் சொன்னீங்களா?"

"ஆமாம்மா."

"நல்ல பெருமை. எங்கப்பா ராத்திரி சோறு துன்றது இல்ல. நாலு மணிக்கு எழுந்து நான் அடுப்பு ஊதுறேன், ரொட்டி வூட்டுக்கு வரக் கூடாதாம்." அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பிறகு எர்ணாவூருக்குப் போனதையும் தாமோதரனின் பன்னையும் சொன்னேன்.

"டெய்லியா துன்றாரு?"

"டெய்லி ரெண்டும்மா."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "ஞாயித்துக்கெழமை நீங்க என்கூட வரணும்" என்றாள்.

அந்த வாரம் லீவு போட்டுப் போய் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு எர்ணாவூர் போனாள். கல்யாணம் பேசிய பெண் மாப்பிள்ளை வீட்டு வாசல் ஏறுவது அப்போது கேள்விப்படாத விஷயம். ஜெகநாதன் வழியெல்லாம், "வோணாம்மா, நம்ம மானம் பூடும்மா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். கன்னியப்பன் நாற்காலியில் இருந்தார். தாமோதரன் பக்கத்தில் பெஞ்சில் இருந்தான். எங்களைப் பார்த்த திகைப்பில் யாரும் ஜெகநாதனை உட்காரச் சொல்லவில்லை. அவர் தூணோரமாகத் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார்.

சரோஜா பெரிய உறையிலிருந்து படத்தை எடுத்துக் கன்னியப்பன் கையில் கொடுத்தாள். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தலைகீழாகப் பிடித்திருந்தார். அவள் அதைத் திருப்பி வைத்துவிட்டு, டாக்டர் இங்கிலீஷில் எழுதியதைப் படித்துத் தமிழில் சொன்னாள். நெஞ்சில் எந்த நோயும் இல்லை.

"சரிம்மா" என்றார் கன்னியப்பன். அவருக்கே சங்கடம். "தெரியாம நடந்து போச்சு."

"இருங்க. இன்னொண்ணு கீது. உங்க பையனோட படத்தையும் எடுத்துக் குடுங்க."

"அவனுக்கு எதுக்கு?"

"அவரும் டெய்லி ரொட்டிதான் துன்றாரு. ஃபாக்டரி வாசல்ல, ரெண்டு பன்னு."

கன்னியப்பன், "பன்னு வேற, ரொட்டி வேற" என்றார். சரோஜா என் பக்கம் திரும்பினாள். "வேற மாவா, ஒரே மாவா?"

"ஒரே மாவும்மா. பன்ல கொஞ்சம் சக்கரை ஜாஸ்தி" என்றேன். என் வாழ்க்கையில் நான் அளவாகப் பேசிய ஒரே இடம் அது.

"இவரு சொன்னதைக் கேட்டுத்தானே என்னை வோணாம்னீங்க? இதையும் அவருதான் சொல்றாரு. இதையும் நம்புங்க" என்றாள் சரோஜா.

கன்னியப்பன் பையனைப் பார்த்தார். "மெய்யாலுமாடா?" தாமோதரன் தரையைப் பார்த்தான். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவன் சொல்வான் என்று நாங்கள் எல்லோருமே கொஞ்ச நேரம் காத்திருந்தோம். கன்னியப்பன் கூடக் காத்திருந்தார். பிறகு சரோஜா படத்தை உறைக்குள் போட்டுக்கொண்டு, "வாங்கப்பா" என்று கிளம்பிவிட்டாள்.

எங்கள் பேட்டையில் இப்படி ஒரு சங்கதி நடந்தால் மறைக்க முடியுமா? திங்கட்கிழமைக்குள் காலடிப்பேட்டை முழுக்கத் தெரிந்துவிட்டது. பெண்டுகள் குழாயடியில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். எங்கள் சரக்குக்கு 'எக்ஸ்ரே ரொட்டி' என்று பெயரே வைத்துவிட்டார்கள். "யோவ் எக்ஸ்ரே, எங்க வூட்டுக்கும் ஒண்ணு போடு" என்று கூப்பிட்டார்கள். நின்ற ஐந்து வீடுகளும் வந்தன, அதற்கு மேல் பதினைந்து வந்தன. மழைக்காலம் முடிவதற்குள் திருவொற்றியூர் லைனுக்கு இரண்டாவது ஆள் போட்டோம். ரயில்வே குவார்ட்டர்ஸில் நாங்கள் இழந்தது எல்லாம் அங்கே திரும்பக் கிடைத்தது. பின்னால் என்னைச் சேல்ஸ் மேனேஜராகப் போட்டபோது, வாலிப ஜனங்களின் மனசை அப்போதே படித்த ஆள் என்று பாராட்டினார்கள். நான் மறுக்கவில்லை. நான் எதையும் படிக்கவில்லை என்று ராவுத்தருக்கும் எனக்கும் தெரியும்.

எர்ணாவூர் போய்வந்த மூன்றாம் வாரம் இருக்கும். காலையில் சரோஜா வீட்டில் ரொட்டியைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தாமோதரன் படியேறி வந்தான். தலை கலைந்திருந்தது, கையில் பெரிய உறை. "எடுத்துட்டேங்க" என்று ஜெகநாதனிடம் நீட்டினான். "மாமாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவரும் சரின்னுட்டாரு. இந்த வெள்ளிக்கெழமையே தட்டு மாத்திக்கலாம்னு சொல்லச் சொன்னாரு."

ஜெகநாதனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. எனக்கும்தான், பொய் சொல்வானேன். என் வாயால் கெட்டது சரியாகப்போகிறது என்று மனசுக்குள் கடவுளைக் கும்பிட்டேன். ஜெகநாதன் மகளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த கெஞ்சலை நான் விவரிக்கப்போவதில்லை.

சரோஜா உறையைப் பிரிக்கவில்லை. ஆபீசுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தவள் சீப்பை வைத்துவிட்டு வந்தாள். "உங்க மேல எனக்குக் கோவம் இல்லீங்க" என்றாள். "அன்னிக்கு உங்க வூட்ல எங்கப்பா அவ்ளோ நேரம் நின்னுகினே இருந்தாரு. நீங்க பெஞ்சுல உக்காந்துகினு இருந்தீங்க. நீங்க பேச வோணாம். எழுந்து அவருக்கு எடம் குடுத்திருந்தா எனக்குப் போதும்."

ஜெகநாதன்தான் தாமோதரனிடம், "உக்காருப்பா, ஷிப்டு முடிஞ்சு நேரா வந்திருப்ப, ஏதானா சாப்புடு" என்றார். சரோஜா நான் கொடுத்த ரொட்டியை அறுத்து, இரண்டு துண்டில் வெண்ணெய் தடவி, டீயோடு கொண்டுவந்து வைத்தாள். அவன் இரண்டு துண்டையும் சாப்பிட்டான். சாப்பிடும்போது கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது, அதைத் துடைத்துக்கொள்ளவில்லை. சாப்பிட்டு முடித்ததும் தட்டை எடுத்துப்போய்க் கழுவி வைத்தான். உறையை எடுத்துக்கொண்டு, "வரேங்க" என்றான். ஜெகநாதனால் வா என்றும் சொல்ல முடியவில்லை, போ என்றும் சொல்ல முடியவில்லை. சரோஜா பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று செருப்பை மாட்டிக்கொண்டு அவனுக்கு முன்னாலேயே படியிறங்கிப் போய்விட்டாள்.